கணிப்பொறியின் உறுப்புகள்: ஒரு வீட்டுக் கணக்கு

இயற்பியல் மாணவன் கணிப்பொறியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணிப்பொறி அறிவியல் படிப்பவர்கள் எழுதினால் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் அவர்களில் எவரும் தம் தாயாரின் சீட்டுப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை. நான் நின்றேன். அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

என் அக்கா இதே கல்லூரியில் வணிகவியல் படித்தவர். வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பேனரும் வடிவமைத்துக் கொடுத்து வந்தார். இரண்டு ஆண்டுகளாக, வீடு கட்டித் தரும் பொறியாளர் ஒருவருக்கு ‘எலிவேஷன்’ படங்களும் வரைந்து கொடுக்கிறார். கட்டப்போகும் வீடு கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்பதை வெயிலும் நிழலுமாகப் புகைப்படம் போலவே காட்டும் முப்பரிமாணப் படம் அது. “இன்றைக்குச் சொன்னால் நாளைக் காலையில் படம் கிடைக்குமானால் மாதம் நான்கு வீடு தருகிறேன்” என்றார் அந்தப் பொறியாளர். அக்காவின் பழைய கணிப்பொறியோ ஒரு படத்துக்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பிக்கு வேறு ஓர் ஆசை. புதிய கணிப்பொறி வந்தால் அதில் விளையாட்டும் ஓட வேண்டும்.

அம்மா எடுத்த சீட்டு ஒரு லட்சம். சமையலறையின் ஓட்டுக்கூரையை மாற்றுவதற்கென்று இரண்டு ஆண்டுகளாகக் கட்டி வந்தது. அக்காவின் கையில் இருபதாயிரம். “மழைக்காலம் வருவதற்குள் பாதியாவது திரும்பி வர வேண்டும். எதற்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று எழுதிக் கொடு” என்று என்னிடம் சொன்னார் அம்மா. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைத் தவிர வேறெதையும் ஒழுங்காக எழுதிப் பழகாத நான், அதையும் ஆய்வுக்கூடக் குறிப்பேடு போலவே எழுதத் தொடங்கினேன்.

முதல் விலைப்பட்டியல்

முதலில் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கேட்டோம். “டிசைன் வேலை, கேம் இரண்டுக்கும் வேண்டும், சக்தி வாய்ந்ததாக வேண்டும்” என்றோம். கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார்: ஐ7 செயலி, 16 ஜி.பி. நினைவகம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, ஏழு நிறத்தில் ஒளிவிடும் கண்ணாடிப் பெட்டி. தொகை எங்கள் பணத்தில் பாதிக்கும் குறைவு. தம்பி துள்ளிக் குதித்தான். எனக்கும் மகிழ்ச்சிதான்; கூரைக்கும் மிஞ்சுமே!

வீட்டுக்கு வந்து எண்களைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. ஐ7 என்பது ஒரு செயலியின் பெயரன்று. ஒரு குடும்பத்தின் பெயர். இன்டெல் நிறுவனம் 2008 முதல் அப்பெயரை வழங்கி வந்திருக்கிறது. குடும்பப் பெயரை மட்டும் கேட்டால் பாட்டனா, பேரனா என்று எப்படித் தெரியும்? அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தது ஐ7-4770. நான்கிலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். ஆகவே நான்காம் தலைமுறை, 2013இல் வெளிவந்தது. 14700 போன்ற ஐந்திலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு ஜி.டி. 730, அது 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தச் செயலி விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஏற்புப் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். அவ்வாறே முடிந்தும் விட்டது. நாங்கள் கடைக்குப் போனது அதே ஆண்டு ஜூன் மாதத்தில்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எழுதியது அத்தனையும் உண்மை. நாங்கள்தான் கேள்வியைத் தவறாகக் கேட்டோம். ‘சக்தி வாய்ந்தது’ என்றால் எந்த வேலைக்கு? ‘நல்ல வண்டி’ வேண்டும் என்று கேட்பவனுக்கு நெல் ஏற்றும் டிராக்டரையும் கொடுக்கலாம், பந்தயக் காரையும் கொடுக்கலாம் அல்லவா?

முதலில் அளவெடுத்தல்

எங்கள் துறைப் பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: கருவியைக் குறை சொல்வதற்குமுன் அளவீட்டைப் பார். ஆகவே வாங்குவதை நிறுத்திவிட்டு, பழைய கணிப்பொறியின் முன்னால் மூன்று நாள் உட்கார்ந்தேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். செயலி எவ்வளவு உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வட்டு எவ்வளவு ஓடுகிறது என்று வரைபடமாகவே காட்டும். காசு செலவில்லாத ஆய்வுக்கருவி. ஆனால் புதுக் கணிப்பொறி வாங்குபவர்களில் இதைத் திறந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

அக்கா பிளெக்ஸ் பேனர் செய்யும்போது கண்டது இது: செயலி 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நினைவகம் முழுவதும் நிரம்பிக் கிடந்தது. வட்டு 100 விழுக்காட்டில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, செயலி சும்மா காத்திருந்தது! இங்கே ஐ7 போட்டாலும் ஐ9 போட்டாலும் அதுவும் காத்துத்தான் இருந்திருக்கும்.

ஏன் நினைவகம் நிரம்பியது என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். பத்தடிக்கு எட்டடி பேனர். அங்குலத்துக்கு 100 புள்ளி. 120 அங்குலம் அகலம் 12,000 புள்ளி. 96 அங்குலம் உயரம் 9,600 புள்ளி. பெருக்கினால் 11 கோடியே 52 லட்சம் புள்ளிகள். அச்சுக்கான நான்கு மைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் வீதம், புள்ளிக்கு நான்கு பைட். மொத்தம் ஏறத்தாழ 46 கோடி பைட். இது ஒரே ஓர் அடுக்குக்கு மட்டும். பின்னணி, மாலை, படங்கள், எழுத்து என்று பத்து அடுக்குகள் முழு அளவில் நிரம்பினால் 4.6 ஜி.பி. ‘செய்ததைத் திரும்ப எடு’ என்னும் வசதிக்காக மென்பொருள் பழைய நிலைகளையும் வைத்திருக்கும். பழைய கணிப்பொறியில் இருந்த நினைவகமோ 8 ஜி.பி.; அதில் விண்டோஸுக்கே ஒரு பங்கு. மிஞ்சியது வட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. களத்தில் இடமில்லாமல் நெல்லைத் தெருவுக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி மாற்றுவது போன்ற வேலை.

இதே அளவீட்டை எலிவேஷன் படத்துக்குச் செய்தபோது வேறு காட்சி. செயலி ஆறு மணி நேரமும் 100 விழுக்காட்டிலேயே நின்றது. வட்டு உறங்கிக்கொண்டிருந்தது. ஆக, ஒரே மேசையில், ஒரே அக்கா செய்யும் இரண்டு ‘டிசைன்’ வேலைகளுக்கு நோய் இரண்டு, மருந்தும் இரண்டு.

பருப்பு வேகும் நேரம்

செயலியில் எத்தனை ‘கோர்’ வேண்டும் என்பதில்தான் நண்பர்களிடையே அதிக வாக்குவாதம். கோர் என்பது தனித்து இயங்கவல்ல ஒரு கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரைவிடப் பதினாறு பேர் மேல் என்று தோன்றும். 1967இல் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் இதற்கு ஒரு வரம்பு உண்டென்று காட்டினார்.

கல்யாண வீட்டுச் சமையலை எண்ணிப் பாருங்கள். காய் நறுக்கப் பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பத்துப் பேர் சுற்றி நின்றால் பருப்பு பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடுமா? பங்கிட முடியாத வேலை எவ்வளவோ, அவ்வளவுக்கு ஆட்கள் வீண்.

ஒரு வேலையில் பாதியை மட்டுமே பங்கிட முடியும் என்று கொள்வோம். ஆறு கோர் இருந்தால் வேகம் 1.7 மடங்கு, பதினாறு இருந்தால் 1.9 மடங்கு. பத்துக் கணக்குப்பிள்ளைகளைக் கூடுதலாகச் சம்பளத்துக்கு வைத்து நாம் பெற்ற லாபம் அற்பம். அதே சமயம் 95 விழுக்காட்டைப் பங்கிட முடியுமானால், ஆறு கோருக்கு 4.8 மடங்கு, பதினாறுக்கு 9.1 மடங்கு. பேனர், பத்திரிகை வேலைகள் பெரும்பாலும் முதல் வகை. அவற்றுக்கு ஒரு கோர் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதே முக்கியம். முப்பரிமாணப் படத்தைக் கணித்து எடுக்கும் ‘ரெண்டர்’ வேலை இரண்டாம் வகை. அக்கா பயன்படுத்தும் பிளெண்டர் அந்த ரெண்டரைச் செயலிக்குப் பதில் கிராபிக்ஸ் கார்டிடமே ஒப்படைக்கவல்லது. ஆகவே செயலிக்கு ஆறு கோர் போதும் என்று முடிவு செய்தேன். (பிளெண்டர் இலவச மென்பொருள். நெதர்லாந்தில் டான் ரூசெண்டால் உருவாக்கியது. 2002இல் பயனாளர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதன் மூலநிரலைப் பொதுச் சொத்தாக்கினார்கள். அந்த முகமறியாத மனிதர்களுக்கு எங்கள் வீட்டின் நன்றி.)

நான் எழுதியது ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7600: ஆறு கோர், 2023 ஜனவரியில் வந்தது, உச்சத்தில் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். தம்பியின் நண்பர்கள் இன்டெல்லின் பதினான்காம் தலைமுறையைப் பரிந்துரைத்தார்கள். அதன் உயர்ரகச் செயலிகளில் சில நிலைகுலைந்ததும், 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டு நீட்டியதும் செய்தித்தாளில் வந்தவை. ஆனால் நான் மறுத்ததற்குக் காரணம் அதுவன்று. அந்தச் செயலி அமரும் இருக்கை அந்தத் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ரைசன் அமரும் ஏ.எம்.5 இருக்கையை 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. நான்காண்டு கழித்துச் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தாய்ப்பலகைக்கு மீண்டும் சீட்டுப் போட வேண்டியதில்லை.

மடித்த சேலையும் விரித்த சேலையும்

கிராபிக்ஸ் கார்டுதான் எங்கள் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கை விழுங்கியது. அம்மா இந்த வரியில்தான் விரலை வைத்து நின்றார். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

செயலியில் இருப்பவர்கள் ஆறு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளைகள் என்றால், கார்டில் இருப்பவர்கள் ஒரே மாதிரிக் கூட்டலும் பெருக்கலும் மட்டும் தெரிந்த ஆயிரக்கணக்கான சிறுவர்கள். நாங்கள் வாங்கிய ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. கார்டில் அப்படி 4,608 பேர். ஒரு படத்தின் இருபது லட்சம் புள்ளிகளுக்கும் ஒரே வகைக் கணக்கைச் செய்ய வேண்டியிருப்பதால், அங்கே கெட்டிக்காரத்தனத்தைவிட எண்ணிக்கைக்கே மதிப்பு. விளையாட்டுக்கும் இதே கணக்குத்தான். அக்காவின் வேலையும் தம்பியின் ஆசையும் கைகோத்த ஒரே இடம் இதுதான்.

இந்தக் கார்டு 2025 ஏப்ரலில் வந்தபோது இரண்டு வடிவில் வந்தது: 8 ஜி.பி. நினைவகம் உள்ளது, 16 ஜி.பி. உள்ளது. கணக்கிடும் சில்லு இரண்டிலும் ஒன்றே. கடைகளில் எல்லாரும் “8 ஜி.பி. போதும், மிச்சப் பணத்தைச் செயலியில் போடுங்கள்” என்றார்கள். நானும் முதலில் 8 என்றுதான் எழுதியிருந்தேன். அக்காதான், “என் படத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டாயா?” என்று கேட்டார். போடவில்லை. எல்லார்க்கும் அளவெடுக்கச் சொன்னவன் இந்த ஓர் இடத்தில் அளவெடுக்க மறந்திருந்தேன்!

போட்டுப் பார்த்தோம். எலிவேஷன் படத்தில் செங்கல், கல், மரம், புல் என்று ஒவ்வொரு பரப்பின் மேலும் ஒரு புகைப்படத்தைப் போர்த்துவார்கள். அப்படம் பக்கத்துக்கு 4,096 புள்ளி கொண்ட சதுரம். வட்டில் அது நான்கைந்து எம்.பி.தான் இருக்கும், ஏனென்றால் அது சுருக்கி வைக்கப்பட்டது. மடித்த பட்டுச்சேலை பெட்டியில் ஒரு சாண் இடத்தில் அடங்கிவிடும். கொடியில் விரித்தால் கூடம் போதாது. ரெண்டர் செய்யும்போது ஒவ்வொரு படமும் முழுக்க விரிந்தாக வேண்டும். 4,096ஐ 4,096ஆல் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் புள்ளி. புள்ளிக்கு நான்கு பைட். ஆக ஒரு படத்துக்கு 67 எம்.பி. அக்காவின் ஒரு வீட்டில் எண்பது முதல் நூறு படங்கள். நூறுக்கு 6.7 ஜி.பி. ஆயிற்று. இதற்குமேல் மரத்தின் இலைகள், சுவர்களின் வடிவங்கள், திரைக்கான இடம் எல்லாம் உண்டு. 8 ஜி.பி. கார்டு கழுத்துவரை தண்ணீரில் நிற்கும். தோட்டத்தில் இன்னும் இரண்டு மரம் வைத்தால் மூழ்கும்.

மூழ்கினால் என்ன ஆகும்? படம் வராமலே நின்றுவிடலாம். அல்லது கார்டு தனக்கு இடமில்லாததைக் கணிப்பொறியின் பொது நினைவகத்தில் வைத்துப் போய்ப் போய் எடுத்துவரும். தன் சொந்த நினைவகத்தை இக்கார்டு வினாடிக்கு 448 ஜி.பி. வேகத்தில் படிக்கும். பொது நினைவகத்துக்குப் போகும் வழியில், நாங்கள் வாங்கிய தாய்ப்பலகையில், வினாடிக்கு ஏறத்தாழ 16 ஜி.பி.தான். இருபத்தெட்டில் ஒரு பங்கு! நாற்கரச் சாலையில் வந்த பேருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கியது போல. 16 ஜி.பி. என்று திருத்தி எழுதினேன். அம்மா விரலை எடுத்தார்.

மற்ற உறுப்புகள்

பொது நினைவகம் 32 ஜி.பி.; 16 ஆக இரண்டு துண்டு. ஒரே துண்டாக 32 வாங்கினால் பாதை ஒன்று. இரண்டாக வாங்கினால் பாதை இரண்டு, வேகமும் இரட்டிப்பு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டு வகைக்கும் 288 முனைகளே இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. பழைய நினைவகத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். வட்டுக்கு 1,000 ஜி.பி. ‘என்.வி.எம்.ஈ.’ சில்லு, 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு சூயிங்கம் துண்டு. பழைய வட்டு நகல் எடுத்து வைக்க மட்டும். தாய்ப்பலகை பி650 வகை. இதில் அலங்காரத்துக்குப் பணம் கொடுக்கவில்லை.

திரையைப் பலர் கடைசியில் மிஞ்சிய பணத்துக்கு வாங்குகிறார்கள். வடிவமைப்பாளர் நாள் முழுவதும் பார்ப்பது அதைத்தானே? பழைய திரையில் குங்குமச் சிவப்பாகத் தெரிந்த ஒரு பத்திரிகை அச்சில் செங்கல் நிறமாக வந்து, அக்கா 300 பத்திரிகையைத் தன் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். இம்முறை எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற அளவை முழுதும் காட்டக்கூடிய 27 அங்குல ஐ.பி.எஸ். திரை, 2,560க்கு 1,440 புள்ளி. இதைவிட நுண்ணிய 4கே திரையைத் தம்பி கேட்டான். அதில் 83 லட்சம் புள்ளி. இதில் 37 லட்சம். விளையாட்டின்போது ஒவ்வொரு புள்ளியையும் வினாடிக்கு அறுபது முறையாவது கார்டு வரைந்தாக வேண்டும். இருமடங்குக்கு மேல் வேலை கொடுத்துவிட்டுக் கார்டு மெதுவாக இருக்கிறது என்று புலம்பலாகாது.

மின்சாரமும் வெயிலும்

ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் நான் குறையாகக் கண்டது இது: அவை நம் ஊர் வெயிலையும் மின்சாரத்தையும் அறியமாட்டா. குளிரூட்டிய அறையில், 22 பாகையில், ஒரு செயலி 80 பாகைக்குச் சூடேறுவதாக எழுதுகிறார்கள். அறைக்கும் செயலிக்கும் உள்ள வேறுபாடு 58. அதே விசிறி, அதே வேலை. ஆனால் எங்கள் வீட்டில் மே மாதப் பிற்பகலில் அறையே 38 பாகை. 58ஐக் கூட்டினால் 96. ரைசன் 7600இன் வரம்பு 95. வரம்பைத் தொட்டதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு வெயிலுக்குப் பலி கொடுப்பது! ஆகவே முன்புறம் முழுக்க வலையாக உள்ள பெட்டியைத் தேர்ந்தோம். முன்னால் இரண்டு விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. கண்ணாடிப் பெட்டியும் ஏழு நிற ஒளியும் போயின. தம்பிக்கு இன்னும் வருத்தம்.

மின்சாரக் கணக்கு எளிது. கார்டு 180 வாட். செயலி உச்சத்தில் 88. மற்றவை எல்லாம் சேர்ந்து 60 என்று தாராளமாக வைத்தேன். 328 வாட். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியை 650 வாட்டில் எடுத்தோம். அது பாதிச் சுமையில் நிம்மதியாக ஓடும். அதன் மேல் ‘80 பிளஸ்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சுமையில், 115 வோல்ட் சோதனைப்படி, பிரான்ஸ் முத்திரைக்கு 85 விழுக்காடும் கோல்டு முத்திரைக்கு 90 விழுக்காடும் திறன் இருக்க வேண்டும். மிச்சம் வெப்பமாகிப் பெட்டிக்குள்ளேயே விழும். எங்கள் ஊர்க் கடையின் பட்டியலில் மின்வழங்கிக்கு நேராக ‘500 வாட்’ என்று மட்டும் இருந்தது. பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. மற்ற எல்லா உறுப்புக்கும் சோறு போடுகிற உறுப்பு அது என்பதை நினைவில் கொள்க.

யு.பி.எஸ். விஷயத்திலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. கருவி உண்மையில் தருவது 360 வாட். எங்கள் 328 வாட், மின்வழங்கியின் இழப்பையும் திரையையும் சேர்த்தால் 390க்கு மேல் போகிறது. மின்சாரம் நின்ற அந்த நொடியே கருவியும் கையை விரித்துவிடும். 660 வாட் தரக்கூடிய 1,100 வி.ஏ. வாங்கினோம். அதற்காகத் திரையில் அளவைக் குறைப்போமா என்று ஒரு நாள் முழுவதும் விவாதித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணி நேர உழைப்பைப் பலமுறை இருட்டில் இழந்த அக்காதான் யு.பி.எஸ். பக்கம் பேசி வென்றார்.

பூட்டிய இரவு

ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் வாங்கியதை மடியில் வைத்தபடியே இரவு ரயிலில் வந்து, மறுநாள் கூடத்துத் தரையில் பாயை விரித்துப் பூட்டினோம். ஏ.எம்.5 இருக்கையில் 1,718 ஊசிமுனைகள். செயலியை அதில் வைக்கும்போது அழுத்தக் கூடாது. மூலையில் உள்ள முக்கோணக் குறி பொருந்தும்படி வைத்தால் தானாக அமரும். என் கை நடுங்கியதால் அக்கா வைத்தார். கோலப்பொடி பிடித்த விரல்.

இரவு ஒன்பது மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின. திரை இருட்டாகவே இருந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என் கண்முன் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நிமிடத்தில் தம்பி, “கழற்றிவிடுவோமா, அண்ணா?” என்றான். ஐந்து நிமிடம் வரை பொறு என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். நான்காம் நிமிடத்தைத் தாண்டியபோது திரை விழித்தது. இந்த வகைத் தாய்ப்பலகை முதன்முறை எழும்போது நினைவகத்தோடு பேசிப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் சொல்ல வேண்டிய முதல் செய்தி இது. எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு பிழைகள் செய்தோம், இரண்டும் என்னுடையவை. முதலாவது, திரையின் கம்பியைக் கார்டில் செருகாமல் தாய்ப்பலகையில் செருகிவிட்டேன். இந்தச் செயலிக்குள்ளேயே சிறு கிராபிக்ஸ் பகுதி உண்டாதலால் படம் தெரிந்தது. விளையாட்டு மட்டும் தள்ளாடியது. கார்டு கெட்டது என்று தம்பி அழாத குறை. கம்பியை மாற்றியதும் சரியாயிற்று. இரண்டாவது, 6,000 என்னும் வேகத்துக்கு வாங்கிய நினைவகம் மூன்று வாரம் 4,800இல் ஓடிக்கொண்டிருந்தது. ‘பயாஸ்’ அமைப்பில் ‘எக்ஸ்போ’ என்பதை நாமே இயக்கினால்தான் முழு வேகம் வரும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தோம். கண்டுபிடித்தது மறுபடியும் அந்த டாஸ்க் மேனேஜர்தான். நினைவகத்தின் வேகத்தை அது மூலையில் எழுதிக் காட்டும்.

ஆறு மணி நேரம் எடுத்த அதே வீட்டின் படம் இப்போது பன்னிரண்டு நிமிடத்தில் வருகிறது. அக்டோபருக்குள் பொறியாளருக்குப் பதினைந்து வீடுகள் போயின. கூரைக்கு வேண்டியதில் பாதி சேர்ந்துவிட்டது. மறுபாதிக்கு அம்மா புதிதாக ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறார். அந்த மழைக்காலத்துக்கு ஓட்டின் மேல் தார்ப்பாய்தான்.

இங்கே எழுதிய உறுப்புகளை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். 2025இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்கான பெருங்கூடங்கள் அவற்றை அள்ளிக்கொண்டதே காரணம். ஜூன் மாதத்தில் வாங்கியது எங்கள் அறிவன்று, அதிர்ஷ்டம். இன்று அதே பணத்துக்குக் கணக்கு வேறாகத்தான் வரும்.

சென்ற மாதம் தூசி தட்டப் பெட்டியைத் திறந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார். நினைவகத்துக்கான நான்கு இடங்களில் இரண்டு வெறுமையாக இருந்தன. “இது எதற்கு? இதற்கும் பணம் கேட்பாயா?” என்றார். நான்கும் நிரம்பினால் இந்த வகைப் பலகையில் வேகம் குறையும், ஆகவே காலியாக இருப்பதே நல்லது என்று விளக்கினேன். அம்மா சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் அதை மூடி வை, தூசி போகிறது” என்றார்.